தொலைபேசியில் எதுவரை பார்க்கலாம், எப்போது "நேரில் வாருங்கள்" என்று சொல்ல வேண்டும்? மதுரை வட்டாரக் குடும்ப மருத்துவர்களின் அனுபவங்கள்

உசிலம்பட்டி மருத்துவர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். 2020-க்கு முன்பும் தொலைபேசியில் மருந்து சொல்லியிருக்கிறேன் என்றாலும், அதை எப்போதும் ஓர் அச்சத்தோடுதான் செய்துவந்தேன். 2018-இல் மும்பை உயர் நீதிமன்றம், தொலைபேசி வழியாக மருந்து சொல்லப்பட்ட ஒரு பிரசவ மரண வழக்கில் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தபோது அந்த அச்சம் இரட்டித்தது. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாகி, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுத்தில் கிடைத்த பிறகுதான் நிம்மதியாகப் பேசத் தொடங்கினேன். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் மதுரைக்குத் தனியாக முழு ஊரடங்கு வந்ததே, அந்த நாட்களில் காலை ஆறு மணிக்குக் கையில் எடுத்த கைப்பேசியை இரவு பதினொரு மணிக்குத்தான் கீழே வைத்தேன். ஊரடங்கு போய்விட்டது, அழைப்புகள் போகவில்லை. இன்றும் நான் ஒரு நாளில் பார்ப்பவர்களில் பலர் தொலைபேசி வழியாக வருபவர்கள்தான்.

என்னை இந்த இழையைத் தொடங்க வைத்த நிகழ்வைச் சொல்லிவிட்டுத்தான் கேள்விக்கு வர வேண்டும். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு, வரப்பில் மாட்டுக்குப் புல் அறுக்கிற ஓர் அம்மா, "மேலுக்குச் சொகமில்ல சார், காச்சலா இருக்கு" என்று அழைத்தார். பதினைந்து ஆண்டுகளாக என்னிடம் வருபவர். இருமல், சிறுநீர்க் கடுப்பு, வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பாராசிட்டமால் சொன்னேன். மூன்றாம் நாள் தலைவலியும் உடம்புவலியும் கூடியிருந்தன. டெங்கு இருந்த காலம் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தட்டணுக்கள் சற்றுக் குறைந்திருந்தன, டெங்கு இல்லை என்று முடிவு வந்தது. காணொளியிலும் ஒருமுறை பார்த்தேன். முகம் வாடியிருந்தது என்பதற்கு மேல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்குகிறது என்று மகன் வண்டியில் வைத்துக் கூட்டிவந்தார். செவிலியரை உடன் வைத்துக்கொண்டு முழுமையாகப் பரிசோதித்தபோது, மார்பின் அடிமடிப்பில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த ஒரு பொருக்கு இருந்தது. வலிக்காததால் அவருக்கே அது தெரியாது. உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்): புல்வெளியில் இருக்கும் சிறு உண்ணி கடித்த இடத்தில்தான் இப்படிப் பொருக்கு வரும். உடனே டாக்சிசைக்ளின் கொடுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எட்டு நாட்கள் அங்கே இருந்துவிட்டு நலமாகத் திரும்பினார்.

முதல் நாளே வரச் சொல்லியிருந்தால் ஐந்து நாட்கள் வீணாகியிருக்காது. மழைக்குப் பின் புல்வெளியில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் மடிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களுக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். இவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் என்பதே என் கண்ணை மறைத்துவிட்டது. நீங்கள் எவரையெல்லாம் தொலைபேசியில் பார்க்கிறீர்கள், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.


மேலூர் மூத்த மருத்துவர்

ஐயா, நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் "தெரிந்தவர் என்பதே கண்ணை மறைத்தது" என்ற உங்கள் முடிவோடு நான் உடன்படவில்லை. நாற்பது ஆண்டு அனுபவத்தில், தொலைபேசி வழியாக நான் காப்பாற்ற முடிந்த ஒவ்வொருவரையும் எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதால்தான் காப்பாற்ற முடிந்தது.

ஓர் இரவு பத்தரை மணிக்கு, கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் அழைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர். "வாய்வு புடிச்சிருக்குங்கய்யா, ஒரு மாத்திர சொல்லுங்க" என்றார். அறுவடை நேரத்தில் கட்டுவிரியன் கடித்தபோதுகூட மறுநாள் காலை வரை டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் வாய்வுக்காக இரவில் அழைக்க மாட்டார். அவருடைய மனைவியிடம் கொடுக்கச் சொல்லி, "வேர்க்கிறதா அம்மா?" என்று மட்டும் கேட்டேன். "சட்ட நனஞ்சு போச்சுங்கய்யா" என்றார். வீட்டில் இருந்த ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கச் சொல்லிவிட்டு, 108-ஐ அழைக்க வைத்தேன். மதுரையில் இ.சி.ஜி. எடுத்தபோது மாரடைப்பு உறுதியானது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலியே இல்லாமல் போகலாம் என்பது நாம் எல்லோரும் படித்தது. ஆனால் அன்று எனக்கு உதவியது அந்தப் படிப்பைவிட, இந்த மனிதர் எதற்கு அழைப்பார், எதற்கு அழைக்க மாட்டார் என்ற பழக்கம்தான். முகம் தெரியாத ஒரு மருத்துவரிடம் அதே சொற்களைச் சொல்லியிருந்தால் அவருக்கு வாய்வு மாத்திரைதான் கிடைத்திருக்கும்.

நம் வட்டாரத்தில் "வாய்வு" என்ற சொல்லுக்குள் நெஞ்சு எரிச்சல், தசைப்பிடிப்பு, பித்தப்பைக் கல், மாரடைப்பு எல்லாமே அடங்கும். "கிறுகிறுப்பு" என்றால் தலைச்சுற்றலாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவர் கை எங்கே போகிறது என்று பார்த்தே புரிந்துகொள்வோம். தொலைபேசியில் அந்தக் கை நமக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.


செல்லூர் குடும்ப மருத்துவர்

பெண் நோயாளிகள் அதிகம் வரும் கிளினிக் என்னுடையது. ஆகவே நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் நாம் நோயாளியோடு மட்டும் பேசுவதில்லை. அந்த வீடே ஸ்பீக்கரில் உட்கார்ந்திருக்கிறது.

பல வீடுகளில் கைப்பேசி கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கிறது. வெள்ளைப்படுதலைப் பற்றியோ, மாதவிடாய் தள்ளிப்போனதைப் பற்றியோ, வீட்டில் அடி வாங்கியதைப் பற்றியோ மாமியாரும் கொழுந்தனும் கேட்டுக்கொண்டிருக்கும் கூடத்தில் ஒரு பெண் எப்படிப் பேசுவார்? "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார். கிளினிக்கில் என்றால் கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிடலாம். இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: "நான் கேட்பதற்கு ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். கேள்வி முழுவதையும் நானே கேட்டுவிடுவதால், அவர் வெறும் "ஆமாங்கம்மா" என்று சொன்னாலே போதும். ஸ்பீக்கரை அணைக்கச் சொல்வதும் என் பொறுப்பாகிறது. அவராகச் செய்தால் வீட்டில் சந்தேகப்படுவார்கள், டாக்டர் சொன்னதால் என்றால் எவரும் மறுப்பதில்லை. அந்தப் பதில்களில் ஒன்று சரியில்லை என்று பட்டால், "ஸ்கேன் பார்க்க வேண்டும், நேரில் வாருங்கள்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி வரவழைத்துவிடுவேன்.

குழந்தைகளுக்கு மட்டும் காணொளி உண்மையிலேயே பயன்படுகிறது என்பது என் அனுபவம். சளி, இருமல் என்று தாய் அழைத்தால், குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டு, அழாமல் இருக்கும்போது கைப்பேசியை நெஞ்சுக்கு நேராக ஒரு நிமிடம் அசையாமல் பிடிக்கச் சொல்வேன். மூச்சை நானே எண்ணுவேன். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40, இந்த எண்ணை எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, மேற்கொண்டு எந்தக் கேள்வியும் கேட்காமல் வரச் சொல்லிவிடுவேன். இரண்டு மாதத்துக்கும் குறைந்த பச்சிளங்குழந்தை என்றால் எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். அழைப்பு வந்ததுமே நேரில்தான். ஆனால் இரத்தசோகையையும் மஞ்சள்காமாலையையும் காணொளியில் பார்க்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். குண்டு விளக்கின் வெளிச்சத்தில் எல்லாக் கண்களும் மஞ்சள்தான்.


பேரையூர் வட்டம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்

தனியார் கிளினிக்கில் இருப்பவர்கள் தவறவிடும் ஒரு பக்கம் இங்கே உண்டு. மறுமுனையில் பயிற்சி பெற்ற ஒரு கை இருக்கிறதா, இல்லையா என்பதே தொலைமருத்துவத்தின் தரத்தை முடிவு செய்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்துகிறது. அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் ஸ்லிட் லாம்ப் கருவியில் கண்ணை முழுமையாகப் பரிசோதித்துக் குறித்து வைத்த பிறகுதான், பெரிய மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுகிறார். நோயாளி தன் கண்ணைத் தானே விவரிக்க வேண்டிய நிலை அங்கே இல்லை. நம்முடைய அழைப்புகளில் அந்த நடுக்கை இல்லை. நோயாளியே செவிலியராகவும் ஆக வேண்டியிருக்கிறது.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு எங்கள் நிலையத்தில் இது ஓரளவு மாறியது. தன்னார்வலர் வீட்டுக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறான எண் வந்தால் அங்கிருந்தே எனக்கு அழைக்கிறார். "ஐயா, பாட்டிக்கு 190 காட்டுகிறது, ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தேன், 186" என்று அவர் சொல்லும்போது அந்த எண்ணை நான் நம்பலாம். நோயாளியின் பேரன் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டி எடுத்து அனுப்பும் எண்ணை அப்படி நம்ப முடிவதில்லை. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் அப்படித்தான். துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வைக்கும் அழைப்புக்கும், நோயாளி தனியாக வீட்டிலிருந்து நுழையும் அழைப்புக்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

உசிலம்பட்டி ஐயாவின் நோயாளிக்குக்கூட, அந்த ஊரின் கிராமச் சுகாதாரச் செவிலியரை ஒருமுறை வீட்டுக்குப் போய் உடம்பு முழுவதும் பார்த்துவரச் சொல்லியிருந்தால் அந்தப் பொருக்கு மூன்றாம் நாளே கண்ணில் பட்டிருக்கலாம். தனியார் மருத்துவர் கேட்டால் எங்கள் செவிலியர்கள் மறுக்க மாட்டார்கள். கேட்பவர்தான் இல்லை.


வாடிப்பட்டி வாசகி

நான் மருத்துவர் இல்லை. பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் தந்தையை நான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் மகள். நீங்கள் அனைவரும் தவறவிட்டவற்றைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் வாடகை வண்டியும், தூக்கி இறக்க இரண்டு ஆட்களும் வேண்டும். திரும்பி வந்த மூன்று நாட்களுக்கு அவர் சரியாகச் சாப்பிட மாட்டார். எங்கள் குடும்ப டாக்டர் முதலில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, படுக்கைப் புண் எங்கெல்லாம் வரும், குதிகாலை எப்படிப் பார்க்க வேண்டும், சோறு ஊட்டும்போது எத்தனை தலையணை வைக்க வேண்டும், ஒரு நிமிட மூச்சை எப்படி எண்ண வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் மாலையில் பேசுகிறோம். புண்ணின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார். ஒரே நாணயத்தை வைத்து ஒவ்வொரு வாரமும் ஒப்பிட்டுப் பார்ப்பார். சென்ற ஆடியில் நான் அனுப்பிய படத்தில் புண் சிறியதாகத்தான் தெரிந்தது, ஆனால் "வாடை எப்படி இருக்கிறது அம்மா?" என்று கேட்டார். மாறியிருக்கிறது என்று சொன்னதும் மறுநாள் காலையே வீட்டுக்கு வந்து சுத்தம் செய்தார்.

இடையில் அவர் ஊரில் இல்லாத ஒரு மாதம், ஒரு கைப்பேசிச் செயலி வழியாகப் பேசினோம். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு டாக்டர் வந்தார்; எல்லோரும் அன்பாகவே பேசினார்கள். ஆனால் நான்கு ஆண்டுக் கதையை நான்கு முறையும் முதலிலிருந்து நானே சொல்ல வேண்டியிருந்தது. அதில் நான் சொல்ல மறந்ததை எவராலும் கேட்க முடியவில்லை.


திருமங்கலம் மருந்தாளுநர்

மருந்துக் கடைப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச்சீட்டை நாங்கள் மறுக்கிறோம் என்று சில மருத்துவர்கள் வருந்துகிறார்கள். கையொப்பமிட்ட சீட்டின் படத்தை அனுப்பலாம் என்று நெறிமுறையே அனுமதிக்கிறது. ஆனால் எங்களிடம் வருவது பெரும்பாலும் கையொப்பமில்லாத நான்கு சொற்கள், அல்லது "பழைய மாத்திரையே போடுங்க" என்ற குரல் பதிவு. கையொப்பத்தோடு மருத்துவரின் பதிவு எண், நோயாளியின் பெயர், வயது, தேதி ஆகிய நான்கும் இருந்தால் எங்களுக்குப் போதும். தேதி இல்லாத ஒரே படம் ஆறு மாதமாக மூன்று கடைகளில் சுற்றி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளைத் தொலைபேசி வழிச் சீட்டுக்குத் தர இயலாது என்று நாங்கள் சொல்லும்போது நோயாளிகள் எங்களோடு சண்டைக்கு வருகிறார்கள். அதை மருத்துவரே அழைப்பின்போது தெளிவாகச் சொல்லிவிட்டால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.


அண்ணா நகர் இளம் மருத்துவர்

படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மேலூர் ஐயா சொல்லும் பழக்கம் என்பது என்னைப் போன்றவர்களிடம் இன்னும் இல்லை. நாங்கள் எங்கிருந்து தொடங்குவது? கட்டணத்தைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். நேரில் வந்தால் தயங்காமல் பணம் தருபவர்கள், அரை மணி நேரம் தொலைபேசியில் பேசிய பிறகு, "சும்மா பேசத்தானே செய்தோம்" என்கிறார்கள்.


மேலூர் மூத்த மருத்துவர்

தம்பி, கட்டணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நேரில் வாங்குவதைப் போலவே தொலைபேசிக்கும் வாங்கலாம், இரசீது தர வேண்டும் என்று நெறிமுறையிலேயே இருக்கிறது. அழைப்பின் முடிவில் கேட்காதீர்கள். தொடக்கத்திலேயே உங்கள் உதவியாளர் சொல்லட்டும். "வாருங்கள்" என்று சொல்லி முடியும் அழைப்புக்கு நான் வாங்குவதில்லை. வாங்கினால், அடுத்த முறை வரச் சொல்வதற்கு நம் மனமே தயங்கும்.

பழக்கம் இல்லாதவர்களுக்கு அந்த நெறிமுறையே ஒரு நல்ல கைத்தடி. அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் நேரில் வந்தவரைத்தான் அது தொடர் நோயாளி என்று கருதுகிறது. அதைச் சட்டத்துக்காக எழுதிய வரி என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது மருத்துவமாகவே படுகிறது. ஆறு மாதத்தில் ஒரு சர்க்கரை நோயாளியின் கால் மாறிவிடும், எடை மாறிவிடும், அவர் சாப்பிடும் மாத்திரையும் மாறிவிடும்.


உசிலம்பட்டி மருத்துவர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் நன்றி. ஒரு வாரமாக இந்தப் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மேலூர் ஐயா, உங்கள் நிகழ்வையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அந்த விவசாயியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருந்தது, அன்று அவர் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்தது. நான் என் நோயாளியைப் பற்றித் தெரிந்து வைத்திருந்ததை, அவர் வழக்கம் போலத்தான் இருக்கிறார் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொள்ளப் பயன்படுத்தினேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா என்று நெடுநாளாக நான் பார்த்துவரும் நோய்க்கு இந்தப் பழக்கம் துணை நிற்கும். நேற்றுத் தொடங்கிய காய்ச்சலுக்கு அவர் எனக்குப் புதியவரே. அந்த அம்மாவின் ஆறு மாதக் கணக்கும் காய்ச்சலுக்கு அன்றுதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் வரச் சொல்வதும் எளிதன்று. இப்போது நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்துச் செலவு அவர்களைத் தடுப்பதில்லை, கூலிதான் தடுக்கிறது. விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர் பூவைச் சந்தைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது என் காலை நேரம் முடிந்திருக்கும். ஆகவே நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை, தொலைபேசியில் வரச் சொன்னவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன். அவர்கள் டோக்கன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரங்களில் வரச் சொன்னவர்களில் சிலர் வரவில்லை. அவர்களை மாலையில் செவிலியர் அழைத்துக் கேட்கிறார்; பேரையூர் மருத்துவர் சொன்னபடி இரண்டு பேருக்குக் கிராமச் செவிலியரின் உதவியையும் கேட்டுப் பெற்றேன்.

கைப்பேசிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், சர்க்கரை உள்ளவருக்கு வேர்வையோடு "வாய்வு", காலில் புதிய புண், கர்ப்பிணிக்குத் தலைவலி அல்லது கால் வீக்கம், ஒரே சிக்கலுக்கு இரண்டாவது அழைப்பு: இவற்றில் எது வந்தாலும் பேச்சை வளர்க்காமல் வரச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.


செல்லூர் குடும்ப மருத்துவர்

வயலில் வேலை செய்பவர் என்றால் மூன்று நாள் காத்திருக்காமல் முதல் நாளே என்று மாற்றுங்கள். அதோடு "காய்ச்சல் விட்டுவிட்டது" என்ற அழைப்பையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ஆபத்து வருகிறது. குணமாகிவிட்டது என்று வீட்டில் மகிழ்ந்து நன்றி சொல்ல அழைப்பார்கள், நாமும் மகிழ்ந்து வைத்துவிடுவோம். அப்போது வயிற்று வலி இருக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, எங்கேனும் இரத்தக் கசிவு இருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்ற நான்கையும் கேட்டுவிட்டுத்தான் நான் அழைப்பை முடிக்கிறேன். சென்ற கார்த்திகையில் அப்படி நன்றி சொல்ல அழைத்த ஒரு தாயிடம் கேட்டபோது, பிள்ளை காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கும் நினைவுக்கு வந்தது.


உசிலம்பட்டி மருத்துவர் (இழையைத் தொடங்கியவர்)

இரண்டையும் இப்போதே எழுதிவிட்டேன், அம்மா. காய்ச்சல் விட்டதற்கான நான்கு கேள்விகளைச் செவிலியரின் மேசையிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். நன்றி சொல்லும் அழைப்புகளைப் பெரும்பாலும் அவர்தான் எடுக்கிறார்.